தம்பியின் மாத்திரையும் அம்மாவின் சத்து டின்னும்: 380 வெள்ளிக்குப் பயன் உண்டா?

லயத்துமூத்தவள் (இழையைத் தொடங்கியவர்) · ஞாயிறு இரவு 9.40

மலேசியாவில் சுங்கை சிப்புட்டைச் சுற்றியுள்ள தோட்டங்களில் ஒன்று எங்களுடையது. பெயர் சொல்லமாட்டேன். முதல் லயத்தில் (தொழிலாளர் வீட்டு வரிசையில்) ஒருவர் தும்மினால் கடைசி லயத்திலிருந்து ‘நூறு வயது’ என்று குரல் வரும் இடம்.

என் தம்பிக்கு வயது 29. பாமாயில் தரும் செம்பனைக் குலை அறுக்கிறான். சென்ற ஆண்டு கோயில் மண்டபத்தில் ரத்ததானம் கொடுத்தான். சில வாரம் கழித்து அவனை மட்டும் கூப்பிட்டார்கள். எச்.ஐ.வி. எட்டு மாதமாக அரசாங்க மருத்துவமனை மாத்திரை சாப்பிடுகிறான், தினமும் ஒன்று. அதற்குக் காசு கிடையாது.

காசு வேறு வழியில் போகிறது. செய்தி தெரிந்த மறு வாரமே அம்மா, நேரடி விற்பனை செய்யும் உறவுக்கார அத்தை ஒருவரிடம் போய், நோயைச் சொல்லாமல் ‘பையனுக்கு உடம்பு தேறவில்லை’ என்று மட்டும் சொல்லிச் சத்துப் பொருள் வாங்கத் தொடங்கிவிட்டார். புரத மாவு ஒரு டின், கால்சியமும் மக்னீசியமும் துத்தநாகமும் சேர்ந்த மாத்திரை ஒரு பாட்டில், பூண்டு எண்ணெய் மாத்திரை ஒரு பாட்டில். மாதம் 380 வெள்ளி (ரிங்கிட்). தம்பியின் அடிப்படைச் சம்பளம் 1,700. குலை நன்றாக விழுந்தால் கொஞ்சம் கூடுதல். இதற்கு மேல் தினமும் விடியலில் ஒரு பச்சை முட்டை வேறு.

இவற்றால் பயன் உண்டா? நிறுத்தச் சொன்னால் அம்மா அழுகிறார். “மாத்திரை நோய்க்கு, மாவு உடம்புக்கு” என்கிறார். பதில் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

ஆரோக்கியத்தூதர் · ஞாயிறு இரவு 10.05

சகோதரி, அம்மா சொல்வதுதான் சரி. மருந்து கிருமியைப் பார்த்துக்கொள்ளும், உடம்பைக் கட்டுவது சத்துதான். 2004இல் தான்சானியாவில் செய்த ஆய்வில், வைட்டமின் சாப்பிட்ட எச்.ஐ.வி. தாய்மாருக்கு நோய் முற்றுவது தள்ளிப்போனது. தேடிப் பாருங்கள், கிடைக்கும். என் வாடிக்கையாளர் ஒருவருக்கு சிடி4 என்ற எதிர்ப்பாற்றல் அணுக்களின் எண்ணிக்கை 180இலிருந்து 410க்கு ஏறியிருக்கிறது. விலை அதிகம் என்றால் தனிச்செய்தி அனுப்புங்கள், உறுப்பினர் விலையில் தருகிறேன்.

பசார்மாலாம் · ஞாயிறு இரவு 10.11

அந்த வாடிக்கையாளர் மருத்துவமனை மாத்திரையும் சாப்பிட்டாரா, உங்கள் டின் மட்டும்தானா?

ஆரோக்கியத்தூதர் · ஞாயிறு இரவு 10.14

இரண்டும்தான். அதனால்தான் துணை உணவு என்கிறோம்.

பசார்மாலாம் · ஞாயிறு இரவு 10.16

வண்டியை இழுத்தது மாடு. அடியில் நடந்து வந்த நாய் கூலி கேட்கிறது.

நெறியாளர் · ஞாயிறு இரவு 10.30

தனிச்செய்தி வழியாக விற்பனை வேண்டாம். அடுத்த முறை பதிவையே எடுத்துவிடுவேன். தோட்டத்தின் பெயரை ஊகித்து யாரும் எழுத வேண்டாம்.

கிராணிமகள் · ஞாயிறு இரவு 11.20

தான்சானியா ஆய்வு பொய்யில்லை. ஆனால் ஆரோக்கியத்தூதர் புத்தகத்தைப் பாதியில் மூடிவிட்டார்.

2004இல் வெளிவந்த அந்த ஆய்வில் இருந்தவர்கள் தார் எஸ் சலாம் நகரத்துக் கர்ப்பிணிகள் 1,078 பேர். பி, சி, இ வைட்டமின்களைக் கொடுத்துப் பார்த்தார்கள். நோய் முற்றுவது மெதுவானது. அந்தப் பெண்களுக்கு அன்று எச்.ஐ.வி. மருந்தே எட்டவில்லை என்பதுதான் இங்கே விடுபட்ட வரி. அடுப்பு எரியாத வீட்டில் ஒரு குவளைக் கஞ்சி உயிரைப் பிடித்துவைக்கும். அதற்காக, மூன்று வேளை சாப்பிட்டவன் முன்னும் அதே குவளையை நீட்டி 380 வெள்ளி கேட்பது வியாபாரம். அதே ஆய்வில் வைட்டமின் ஏ கொடுக்கப்பட்ட தாய்மாரிடமிருந்து குழந்தைக்குக் கிருமி தொற்றுவது கூடியது. அதை எந்த விற்பனைத் தாளிலும் நான் பார்த்ததில்லை.

அதே ஊரில் மருந்து வந்த பிறகு, மருந்து தொடங்கிய 3,400க்கும் மேற்பட்டவர்களை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்கு வைட்டமின் வழக்கமான அளவு, மறு பாதிக்குப் பல மடங்கு. முடிவு 2012இல் வெளிவந்தது. அதிக அளவு சாப்பிட்டவர்களுக்குக் கூடுதல் நன்மை ஒன்றுமில்லை. மாறாக, அவர்களுடைய ரத்தத்தில் கல்லீரல் பாதிப்பைக் காட்டும் நொதி ஏறியது. ஆய்வையே முன்கூட்டி நிறுத்திவிட்டார்கள். 2013இல் போட்ஸ்வானாவிலிருந்து வந்த ஆய்வில் வைட்டமினோடு செலினியம் சேர்த்துக் கொடுத்தபோது பலன் தெரிந்தது உண்மை. அவர்களும் மருந்து தொடங்காதவர்கள். 2015முதல் உலகச் சுகாதார நிறுவனம் சிடி4 எவ்வளவு இருந்தாலும் உடனே மருந்தைத் தொடங்கச் சொல்கிறது. எட்டு மாதமாக மருந்து சாப்பிடும் உங்கள் தம்பிக்குப் பொருந்துவது 2012தான், 2004 அல்ல.

உணவைப் பற்றியும் அந்த நிறுவனம் 2003இல் கணக்குச் சொல்லியிருக்கிறது. நோய்க்குறி இல்லாத எச்.ஐ.வி.காரருக்கு வழக்கத்தைவிடப் பத்து விழுக்காடு கூடுதல் ஆற்றல் தேவை. நோய்வாய்ப்பட்டுக் கிடந்தால் 20 முதல் 30 விழுக்காடு. குலை அறுக்கும் ஆளுக்குப் பத்து விழுக்காடு என்பது ஏறக்குறைய ஒரு ரொட்டி சானாய். அதற்கு டின் வேண்டாம், ஒட்டுக்கடை போதும்.

மருந்துச்சீட்டு · திங்கள் காலை 6.50

அரசாங்க மருந்தகங்களில் 22 ஆண்டுகள் இருந்து ஓய்வுபெற்றவன். கிராணிமகள் சொன்னது சரி. ஆனால் எனக்குப் பயன் உண்டா இல்லையா என்பதைவிட வேறொன்று உறுத்துகிறது. தம்பியின் மருத்துவமனை மாத்திரையின் பெயர் என்னம்மா? அதை எத்தனை மணிக்கு, எதோடு சாப்பிடுகிறார்? அந்தக் கால்சியம் மாத்திரையை எத்தனை மணிக்கு?

லயத்துமூத்தவள் · திங்கள் மாலை 7.15

ஐயா, மருந்தில் மூன்று பெயர் இருக்கிறது: டெனோபோவிர், லாமிவுடின், டோலுடெக்ராவிர்.

நேரம் கேட்டீர்கள். இன்று காலை வேண்டுமென்றே எழுந்து பார்த்தேன். ஐந்தரைக்குப் பிரட்டு (வேலைக்கு ஆள் கணக்கெடுப்பு), அதனால் நாலே முக்காலுக்கு அடுப்படி விளக்கு எரியும். அம்மா இடது உள்ளங்கையில் எல்லாவற்றையும் கொட்டி வைத்துக்கொண்டு நிற்கிறார். மருத்துவமனை மாத்திரை ஒன்று, கால்சியம் இரண்டு, பூண்டு எண்ணெய் ஒன்று. மொத்தமாக அவன் வாயில் போட்டுக்கொண்டு கோப்பி ஓ (பால் இல்லாத கோப்பி) குடித்து விழுங்குகிறான். வெறும் வயிறு. பசியாறுவது ஒன்பதரைக்கு, காட்டிலேயே.

மருந்துச்சீட்டு · திங்கள் இரவு 8.02

அந்த உள்ளங்கையில்தான் கோளாறு.

டோலுடெக்ராவிர் உலோகத்தைப் பிடித்துக்கொள்ளும் மருந்து. அது வேலை செய்வதே அப்படித்தான்: கிருமியின் நொதி ஒன்றில் மக்னீசியம் இருக்கிறது, மருந்து போய் அதை இறுக்கிப் பிடித்து நொதியை முடக்கிவிடும். அதே மருந்து குடலில் கால்சியத்தையோ இரும்பையோ கண்டால் அங்கேயே பிடித்துக்கொண்டு, ரத்தத்துக்கு வராமல் மலத்தோடு போய்விடும். நலமானவர்களிடம் சோதித்த கணக்கு உண்டு. வெறும் வயிற்றில் இரும்பு மாத்திரையோடு விழுங்கினால் ரத்தத்தில் மருந்து 54 விழுக்காடு குறைகிறது, கால்சியத்தோடு 39, கனிமம் சேர்ந்த பல்வைட்டமின் மாத்திரையோடு 33. அலுமினியமும் மக்னீசியமும் கலந்த வயிற்றெரிச்சல் மருந்தோடு 74. கடைசியாகச் சொன்னது எல்லார் வீட்டு அலமாரியிலும் இருக்கிறது, நினைவில் வையுங்கள்.

செய்ய வேண்டியது எளிது. மருத்துவமனை மாத்திரையை முதலில் விழுங்கினால் இரண்டு மணி நேரம் கழித்துக் கால்சியம். கால்சியம் முந்திவிட்டால் ஆறு மணி நேரம் பொறுத்து மருத்துவமனை மாத்திரை. கால்சியம் மட்டும், அல்லது இரும்பு மட்டும் என்றால், இரண்டையும் வயிறு நிறைய உணவோடு சேர்த்தே சாப்பிடலாம். அப்போது மருந்து குறைவதில்லை. வயிற்றெரிச்சல் மருந்துக்கு அந்தச் சலுகை இல்லை. தம்பியின் கால்சியம் மாத்திரையில் மக்னீசியமும் துத்தநாகமும் இருப்பதால் பிரித்துவிடுவதே நல்லது. ஐந்து மணிக்கு மருத்துவமனை மாத்திரை, மதியம் சோற்றோடு கால்சியம். சாப்பிட வேண்டிய அவசியம் இருந்தால்!

அடுத்த முறை போகும்போது பாட்டில்களை அப்படியே பையில் போட்டு எடுத்துப்போய் மருந்தாளரிடம் காட்டுங்கள். வைரஸ் எண்ணிக்கை எப்படி இருக்கிறது?

லயத்துமூத்தவள் · திங்கள் இரவு 8.40

அதை நான் முதலிலேயே எழுதியிருக்க வேண்டும். வெட்கமாக இருந்தது. மூன்றாம் மாதம் நன்றாக இறங்கியது. ஆறாம் மாதச் சோதனையில் 300 சொச்சத்தில் நின்றுவிட்டது. அங்கே இவனிடம் கேட்டது ஒரே கேள்வி: “மாத்திரையைத் தவறவிடுகிறாயா?” இல்லை என்று சொன்னதை நம்பவில்லை. அன்று வீடு வரும் வரை மோட்டாரில் ஒரு வார்த்தை பேசாமல் வந்தான். வேறு என்ன சாப்பிடுகிறாய் என்று யாரும் கேட்கவில்லை, ஐயா. அம்மாவுக்கும் சந்தேகம் வந்து, அதனால்தான் தன் கையாலேயே கொடுக்கத் தொடங்கினார்.

பசார்மாலாம் · திங்கள் இரவு 8.47

அதாவது அம்மா காவல் காத்ததில் கள்ளன் கூடவே உள்ளே போயிருக்கிறான்.

ஆரோக்கியத்தூதர் · திங்கள் இரவு 9.10

எங்கள் பாட்டிலில் ‘மருந்து சாப்பிடுபவர்கள் மருத்துவரைக் கேட்கவும்’ என்று அச்சிட்டிருக்கிறது. நோய் என்னவென்று வாங்குபவர் சொல்லாவிட்டால் விற்பவர் என்ன செய்வது?

கிராணிமகள் · திங்கள் இரவு 9.25

இதில் ஆரோக்கியத்தூதர் பக்கம் நியாயம் இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். சொல்ல முடியாத நோய்க்கு வாங்கும் பொருள் இப்படித்தான் வந்து சேரும். பூண்டையும் சொல்லிவிடுகிறேன். சாக்குயினாவிர் என்ற பழைய எச்.ஐ.வி. மருந்தைப் பூண்டு மாத்திரையோடு கொடுத்துப் பார்த்தபோது ரத்தத்தில் மருந்து ஏறக்குறைய பாதியாகியது. தம்பி சாப்பிடுவது வேறு வகை மருந்து. ஆனாலும் ‘இயற்கையானது, ஒன்றும் செய்யாது’ என்ற பேச்சு அன்றே முடிந்துபோனது. ரசத்தில் தட்டிப் போடும் நாலு பல் பூண்டுக்கு இதில் சம்பந்தமில்லை, அதை நிறுத்திவிடாதீர்கள்.

பால்மரக்காடு · செவ்வாய் பின்னிரவு 1.30

மூன்று ஆண்டாக இங்கே படிப்பேன், எழுதியதில்லை. எனக்கு 2002இல் தெரிந்தது. அப்போது பால் மரம் (ரப்பர்) சீவிக்கொண்டிருந்தேன்.

அன்றைக்கு மருந்து என்பது கைப்பிடி நிறைய. விலை, கேட்டாலே காய்ச்சல் வரும். 2003இல் அரசாங்கம் காப்புரிமையைத் தாண்டி இந்தியாவிலிருந்து மலிவு மருந்து வரவழைக்க உத்தரவு போட்டது. அதற்குப் பிறகுதான் என்னைப் போன்றவர்களுக்கு மூச்சு வந்தது. எனக்குக் கொடுத்த ஸ்டாவுடின் உயிரைக் காப்பாற்றியது, கன்னத்தைத் தின்றுவிட்டது. கன்னக் கொழுப்பு கரைவது அந்த மருந்தின் குணம். கண்ணாடியில் பார்த்தால் நானே பயப்படுவேன். ஊர்க்காரர் கண்டுபிடித்துவிடுவார்களே என்று சத்து மாவு வாங்கினேன், ஒன்றில்லை, ஆறு வகை. வயிறு வந்தது, கன்னம் வரவில்லை. சரிபாதிச் சம்பளம் அதில் போனது. மருந்தை மாற்றிய பிறகுதான் மேற்கொண்டு கரைவது நின்றது.

லயத்துமூத்தவள் அம்மாவின் மனது எனக்குத் தெரியும். பையன் மெலியக்கூடாது. மெலிந்தால் பேச்சு வரும். அலமாரியில் டின் இருந்தால் வருகிறவர் பார்த்து ‘ஓ, சத்து சாப்பிடுகிறான்’ என்று போய்விடுவார். நானே மாத்திரையை வைட்டமின் சி பாட்டிலில்தான் பல ஆண்டுகள் வைத்திருந்தேன். அந்த டின் சத்து அல்ல, திரை. திரைக்கு 380 வெள்ளி வேண்டாம் தங்கையே, மருந்தகத்தில் 15 வெள்ளிக்கே வைட்டமின் சி கிடைக்கும்.

லயத்துமூத்தவள் · செவ்வாய் காலை 6.05

அண்ணா, இதைப் படித்துவிட்டு அடுப்படிக்குப் போய்ப் பார்த்தேன். மருத்துவமனை பாட்டிலைக் காணோம். அவனுடைய மாத்திரை பூண்டு எண்ணெய்ப் பாட்டிலுக்குள் இருக்கிறது. எட்டு மாதமாக எனக்குத் தெரியாது.

மருந்துச்சீட்டு · செவ்வாய் காலை 7.30

பால்மரக்காடு ஐயாவுக்கு வணக்கம். ஆனால் மருந்துக்காரன் என்ற முறையில் முணுமுணுக்காமல் இருக்க முடியவில்லை. மருத்துவமனை பாட்டிலுக்குள் ஈரம் உறிஞ்சும் சிறு பொட்டலம் இருக்கும், அதற்குக் காரணம் உண்டு. எண்ணெய்ப் பிசுக்குள்ள பாட்டிலில் மாத்திரையைக் கொட்டாதீர்கள். பாட்டிலை அப்படியே வைத்து, மேலே ஒட்டிய தாளை மட்டும் கிழித்துவிட்டாலே போதும். அல்லது பாட்டிலோடு பெரிய டின்னுக்குள் இறக்கிவிடுங்கள். திரை வேண்டும் என்பதை நான் மறுக்கவில்லை.

பச்சை முட்டையை மறந்துவிட்டோம். உடனே நிறுத்துங்கள். சிடி4 தாழ்ந்திருக்கும் உடம்பில் சால்மொனெல்லா புகுந்தால் வயிற்றுப்போக்கோடு நிற்காது. கோப்பிக்கடை அரைவேக்காட்டு முட்டையும் இப்போதைக்கு வேண்டாம். மஞ்சள் கரு இறுகும் வரை அவித்துத் தாருங்கள், சத்து ஓடிப்போகாது.

மூன்றாம்லயம் · செவ்வாய் மதியம் 1.12

எங்கள் மாமா மூட்டு வலிக்கு இரவுச் சந்தையில் மஜூன் என்ற நாட்டு லேகியம் வாங்கிச் சாப்பிட்டு இரண்டு மாதத்தில் முகம் பூரணச் சந்திரன் போல ஆனார். ‘உடம்பு தேறிவிட்டது’ என்று எல்லாரும் பாராட்டினோம். உள்ளே டெக்சாமெத்தசோன் கலந்திருக்கிறது. ரத்தச் சர்க்கரை 20 மில்லிமோலைத் தாண்டிய பிறகுதான் தெரிந்தது. உடம்பு ‘ஏறுவதை’ வைத்து மருந்தை மெச்சாதீர்கள்.

மருந்துச்சீட்டு · செவ்வாய் மாலை 5.45

நல்ல எச்சரிக்கை. அது ஸ்டெராய்டு, எதிர்ப்பாற்றலையே அடக்கும் பொருள். எச்.ஐ.வி. உள்ளவருக்கு அதைவிடக் கெட்ட ‘சத்து’ இல்லை. டப்பாவில் எம்.ஏ.எல். (MAL) என்று தொடங்கும் பதிவு எண் இருக்கிறதா என்று பாருங்கள். இலக்கங்களுக்குப் பின் வரும் எழுத்து ‘டி’ (T) என்றால் பாரம்பரிய மருந்து, ‘என்’ (N) என்றால் சத்துப் பொருள். அந்த எண்ணை மருந்து ஒழுங்குமுறைப் பிரிவின் இணையதளத்தில் தட்டி, பெயர் ஒத்துப்போகிறதா என்றும் பார்க்க வேண்டும். அச்சடிக்க யாராலும் முடியும்.

தம்பி சாப்பிடும் எச்.ஐ.வி. மருந்தில் சிலருக்கு எடை தானாகவே ஏறும். மெலிந்துவிடுவான் என்ற பயத்தில் இனிப்பு மாவு கரைத்துக் கொடுத்தால், நம் குடும்பங்களில் அடுத்து வருவது நீரிழிவு. அப்போது மெட்பார்மின் எழுதுவார்கள். டோலுடெக்ராவிர் அந்த மெட்பார்மினை உடம்பில் தேங்க வைக்கும், நாளைக்கு 1,000 மில்லிகிராமுக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்வார்கள். ஒன்றை வாங்கப்போய் இன்னொன்றில் முடிகிறது.

மருத்துவமனையே எழுதிக்கொடுக்கும் சத்து உண்டு, அதைத் தள்ளாதீர்கள். காசநோய்த் தடுப்புக்கு ஐசோனியாசிட் கொடுத்தால் கூடவே பி6 கொடுப்பார்கள். கை கால் மரத்துப்போகாமல் இருக்க. ரத்தத்தில் வைட்டமின் டி குறைந்தால் அதற்கும் தருவார்கள். குறை இருக்கிறது என்று கண்டு கொடுப்பது வேறு, இருக்குமோ என்று பயந்து வாங்குவது வேறு.

லயத்துமூத்தவள் · புதன் இரவு 9.00

அம்மாவிடம் பேசினேன். ‘நிறுத்துங்கள்’ என்று சொல்லவில்லை. பால்மரக்காடு அண்ணன் எழுதியதை அப்படியே வாசித்துக் காட்டினேன். கன்னம் பற்றிய இடத்தில் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு கேட்டார்: “அந்தப் பிள்ளைக்கு இப்போது சமைத்துப் போட யார் இருக்கிறார்கள்?”

380 வெள்ளிக்கு என்னென்ன வரும் என்று அவரே கணக்குப் போட ஆரம்பித்துவிட்டார். முட்டை, கெம்போங் மீன், நெத்திலி, தெம்பே, பச்சைப் பயறு. முருங்கை லயத்துக்குப் பின்னால் நிற்கிறது, அதற்குக் கணக்கில்லை. மீதிப் பணத்தைப் பார்த்து ‘தப்பாக எழுதிவிட்டேனோ’ என்று மறுபடி கூட்டினார்.

பால்மரக்காடு · புதன் இரவு 11.48

மனைவி இருக்கிறாள் என்று அம்மாவிடம் சொல்லுங்கள். 2011இல் கட்டினேன். அவளுக்குத் தொற்று இல்லை, பிள்ளைக்கும் இல்லை. ரத்தத்தில் கிருமி கண்டுபிடிக்க முடியாத அளவுக்கு அடங்கியிருந்தால் உறவின் வழி பரவாது என்பதைத் தம்பிக்கும் சொல்லிவையுங்கள். அவனாக வாய்விட்டுக் கேட்கமாட்டான்.

லயத்துமூத்தவள் · மூன்று மாதங்களுக்குப் பிறகு, வெள்ளி மாலை 6.20

முடிவு வந்துவிட்டது. கண்டுபிடிக்கும் அளவுக்குக் கீழே. கால்சியம் மாத்திரைதான் காரணமாக இருந்திருக்கும் என்று மருந்தாளர் சொன்னார். பாட்டில்களைப் பையோடு கொண்டுபோனதற்கு அவர் எங்களைப் பாராட்டியது அம்மாவுக்கு இன்னும் பெருமை. தம்பி வரும் வழியில் நிறுத்தி எனக்கு ரொட்டி சானாய் வாங்கிக் கொடுத்தான்.

உறவுக்கார அத்தை மட்டும் பேசுவதில்லை.

புதியவள் · வெள்ளி இரவு 11.55

இந்த இழையை இன்றுதான் படித்தேன். எனக்கும் அதே மூன்று பெயர் மாத்திரைதான். ஆறு மாதக் கர்ப்பம். தாய்சேய் கிளினிக்கில் இரும்புச் சத்து மாத்திரை கொடுத்திருக்கிறார்கள், காலையில் இரண்டையும் ஒன்றாகத்தான் விழுங்குகிறேன். பயமாக இருக்கிறது. நாளையிலிருந்து இரும்பு மாத்திரையை விட்டுவிடட்டுமா?

மருந்துச்சீட்டு · சனி காலை 5.58

விடாதீர்கள் அம்மா. உங்களுக்கு இரண்டுமே வேண்டும். உங்கள் இரும்பு மாத்திரை பயந்து வாங்கியது அல்ல, தேவைக்குக் கொடுத்தது. நன்றாகப் பசியாறிக்கொண்டே இரண்டையும் சேர்த்து விழுங்குங்கள், வெறும் வயிற்றில் மட்டும் சேர்க்காதீர்கள். திங்கட்கிழமை தாதியிடம் இரண்டு மாத்திரைகளையும் காட்டி, இதுவரை எப்படிச் சாப்பிட்டீர்கள் என்று சொல்லுங்கள். வைரஸ் எண்ணிக்கையை ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள். தாயிடமிருந்து பிள்ளைக்கு எச்.ஐ.வி. பரவுவதை ஒழித்த நாடு என்று 2018இல் உலகச் சுகாதார நிறுவனம் மலேசியாவுக்குச் சான்று கொடுத்திருக்கிறது. அது தாய்மாருக்கு எச்.ஐ.வி. மருந்து கொடுத்ததால் வந்த சான்று. பயப்பட வேண்டாம்.

புதியவள் · சனி காலை 8.10

நன்றி ஐயா. மூன்று இட்லிக்கு நடுவில் இரண்டையும் விழுங்கிவிட்டேன்.